வலது பக்க விரிசல்

செப்டம்பர் 15, திங்கள்

இந்த டைரியில் வேலை விவரம் மட்டும்தான் எழுதுவது வழக்கம். எந்த வண்டி வந்தது, எதைக் கழற்றினேன், எதை மாட்டினேன், அத்தோடு சரி. இன்றைக்குக் கூடுதலாக எழுதுகிறேன். ஆளாளுக்கு ஒரு கதை கட்டிக்கொண்டு திரிகிறார்கள். நடந்தது என்னவென்று ஒரு இடத்திலாவது ஒழுங்காக இருக்கட்டும்.

நேற்று மண் தடத்தில் பைக் பந்தயம். மொத்தம் பத்துச் சுற்று. ஏழாவது சுற்று வரைக்கும் ஈரோட்டு ஜெகதீசன் முதலில், தரணி அவனுக்குப் பின்னால். தரணி என் மனைவி வசந்தாமணியின் தம்பி. பதினோரு வருஷமாக அவன் ஏறுகிற வண்டிக்கு நான்தான் மெக்கானிக். ஏழாவது சுற்றில், எல்லோரும் பிரேக் பிடித்துத் திரும்புகிற வளைவில், இவன் மட்டும் பிடிக்காமல் நேராகப் போய் ஜெகதீசன் மேல் மோதினான். இரண்டு வண்டியும் உருண்டன. ஜெகதீசனுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. தரணிக்கு முழங்கையில் நாலு தையல்.

வேண்டுமென்றே இடித்தான் என்று ஈரோட்டுக்காரர்கள் அங்கேயே கத்தினார்கள். முந்த முடியாத ஆத்திரமாம். எனக்கு அதில் கருத்து எதுவும் இல்லை. நான் மெக்கானிக். வண்டியைப் பார்ப்பது என் வேலை.

வண்டி சேதம்: இடது கைப்பிடி வளைந்திருக்கிறது. கிளட்ச் லீவர் போச்சு. இடது பக்க மூடி நொறுங்கிவிட்டது. முன் மட்கார்டு இரண்டு துண்டு. பெட்ரோல் டேங்கில் விரிசல். விழுந்ததில் உடைந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் டேங்கைக் கழற்றினேன். இந்த வண்டிக்கு டேங்க் தகரமில்லை, வெள்ளை பிளாஸ்டிக். உள்ளே பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்று வெளியிலிருந்தே நிழலாகத் தெரியும். விரிசல் வலது பக்கம். டேங்கை வண்டிச் சட்டத்தோடு சேர்த்து போல்ட் போடுகிற இடத்தை நாங்கள் காது என்போம். பின் காதின் ஓட்டையில் ஆரம்பித்துக் கீழே விரல் நீளத்துக்கு ஓடியிருக்கிறது.

வண்டி இடது பக்கமாக விழுந்தது, விரிசல் எப்படி வலது பக்கம் என்று யாராவது கேட்கலாம். அடிபட்ட இடத்தில்தான் உடையவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முப்பது வருஷத்தில் இதைவிட விசித்திரமெல்லாம் பார்த்திருக்கிறேன்.

மீதிப் பெட்ரோலை வடித்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஊற்றி ஐந்து தரம் குலுக்கிக் கொட்டினேன். உள்ளே கொஞ்சம் ஆவி தங்கினாலும் சூட்டுக்கோல் பட்டதும் டேங்க் பட்டாசாகிவிடும்.

பத்தரைக்குத் தரணி போன் செய்தான்.

"மாமா, டேங்கை ஒண்ணும் பண்ணிராதீங்க. அப்புடியே வெய்யுங்க. ரேஸ் சங்கத்துல விசாரணை வெக்கறாங்களாமா. டேங்கைப் பாக்கோணும்னு நானே கேட்டிருக்கறேன்."

"எதுக்குடா?"

"நான் விழுகறதுக்கு ரெண்டு சுத்து முன்னாலயே வலது காலெல்லாம் ஈரமா இருந்துச்சுங்க மாமா. பிரேக்கை மிதிக்கறேன், பூட்ஸ் சர்ருன்னு வழுக்கிருச்சு. பெட்ரோல் ஒழுகியிருக்குது மாமா."

"தடத்துக்குத் தண்ணி லாரி அடிச்சாங்கல்ல. அந்தச் சேறா இருக்கும்."

"இல்லீங்க மாமா. வாசனை அடிச்சுது."

சரி மாப்ள என்று வைத்துவிட்டேன்.

அவன் போன் வந்தபோது வேலை ஆரம்பமாகிவிட்டது. கழுவுவதும் வேலைதானே. தொட்ட வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அதுவுமில்லாமல் வண்டியைச் சீக்கிரம் தயார் செய்யச் சொல்லி முதலாளி உத்தரவு. முதலாளி என்றால் துரைராஜ் சார். பம்ப்செட் கம்பெனிக்காரர். வண்டி அவருடையது, டீமும் அவருடையது.

மத்தியானம் அவருக்குப் போன் செய்து, வண்டியைச் சீக்கிரம் தயார் செய்துவிடட்டுமா என்று கேட்டேன். தாராளமாச் செய்யுங்க நாச்சிமுத்து என்றார்.

செப்டம்பர் 17, புதன்

இந்த பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் பிடிக்காது. எவ்வளவு தடவினாலும் காய்ந்தபின் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். உருக்கித்தான் ஒட்டவேண்டும். அதுவும் அதே ஜாதி பிளாஸ்டிக்காக இருக்கவேண்டும். பரணில் கிடந்த பழைய உடைந்த டேங்கிலிருந்து பென்சில் கனத்துக்குச் சீவி எடுத்தேன். ஒரு சீவலைக் கொளுத்திப் பார்த்தேன். மெழுகுவத்தி அணைத்த வாசனை வந்தது. அந்த வாசனை வந்தால் சேரும்.

விரிசல் மேலே ஓடாமலிருக்க அதன் கடைசியில் சின்னத் துளை போட்டேன். பிறகு விரிசல் நெடுக வாய்க்கால் மாதிரி வெட்டி எடுத்தேன். காதின் ஓட்டையையும் பெரிதாக்கி வட்டமாகச் சுரண்டினேன். அவ்வளவு தூரம் சுரண்டத் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். செய்வன திருந்தச் செய்.

இரண்டு பக்கமும் உருக வைத்து, நடுவில் எவர்சில்வர் வலையைச் சூட்டுக்கோலால் உள்ளே அமிழ்த்தி, மேலே சீவலை உருக்கி நிரப்பினேன். வலை வைத்தால்தான் அதிர்வுக்குத் தாங்கும். கடையில் வலை தீர்ந்துவிட்டது. வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு வசந்தாமணி வாசலில் வந்து நின்றாள். "ஏனுங்க, டீ வடிகட்டி எங்கீங்க?"

வெறும் வளையமும் கைப்பிடியும் மேஜைமேல் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள்.

"நாளைக்கு வாங்கித் தர்றேன்."

"வடிகட்டி கெடக்குதுங்க. தரணி டேங்கைத் தொடவேண்டாம்னு சொன்னானாமல்லொ?"

"முதலாளி சொல்லிட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?"

வளையத்தை எடுத்துக்கொண்டு போனாள். சாயந்திரம் டீயில் இலை மிதந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

ஒட்டின தடத்தை மட்டம் தட்டி, மூன்று நம்பர் உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்த்து, லேசாகச் சூடு காட்டினேன். விரலால் தடவினால்கூடத் தெரியாது. சீட்டுக்கு அடியில் போகிற இடம், யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

டேங்க் வாயை அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் பூசினேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. மூடியைத் திறந்து, வெறும் டேங்காக நிழலில் தொங்கவிட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 20, சனி

தரணி வந்தான். ஒரு கை கட்டோடு நேராக டேங்குக்குப் போனான். காதுப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டை விரலால் தடவினான். முகம் தொங்கிப்போனது.

"சொன்னனே மாமா."

"முதலாளி அவசரப்படுத்தறாருடா. அவுரு சொன்னாச் செஞ்சுதானே ஆகோணும்?"

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு திட்டுத் திட்டியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும்.

"சரி உடுங்க மாமா," என்றான். "டேங்க் இல்லாட்டி என்ன, நீங்க கண்ணால பாத்திருக்கறீங்கல்ல. விரிசல் எங்கிருந்து வந்துதுன்னு நீங்க சொன்னாப் போதும். உங்க பேச்சுக்கு மேல அங்க யாரு பேசப்போறாங்க?"

வசந்தாமணி அவனுக்கு மோர் கொடுத்தாள். மடக் மடக்கென்று குடித்துவிட்டுப் போய்விட்டான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்றைக்கு வேலை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், வயிற்றெரிச்சல் அப்படி.

பதினோரு வருஷத்தில் தரணி வாங்கின கோப்பை இருபத்தாறு. எல்லாம் அவன் வீட்டு அலமாரியில். பேப்பரில் அவன் பெயர் வந்தது, அவன் படம் வந்தது. மெக்கானிக் நாச்சிமுத்து என்று ஒரே ஒரு தரம் வந்தது, அதுவும் நாச்சியப்பன் என்று. போன வருஷம் பாராட்டு விழாவில் அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். அடுத்து யார், சாப்பாடு ஏற்பாடு செய்தவர். எனக்குக் கைதட்டலில் பங்கு கொடுத்தார்கள்.

இப்போதுதான் முதல் தரமாக எனக்கென்று ஒன்று வருகிறது. ஜனவரியிலிருந்து துரைராஜ் சார் மூன்று வண்டி, மூன்று ரைடர் என்று டீமைப் பெரிதாக்குகிறார். தலைமை மெக்கானிக் நான். எனக்குக் கீழே நாலு பேர். இதை அவர் வெளியில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

ரைடர் விழுந்தால் எழுந்துகொள்வான். அவனுக்கு அதுதான் தொழில். மெக்கானிக் பூட்டின வண்டி ஒழுகி ரைடர் விழுந்தான் என்று ஒரு பேச்சு வந்தால், அந்த மெக்கானிக் தொட்ட வண்டியில் எவனும் ஏற மாட்டான். ஐம்பத்தொரு வயதில் நான் பஞ்சர் ஒட்டத்தான் போகவேண்டும்.

ஒழுகியது என்று நான் சொல்லவில்லை. பேச்சுக்குச் சொல்கிறேன்.

செப்டம்பர் 24, புதன்

வசந்தாமணி கேட்டேவிட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அவன் பொய் சொல்றானுங்களா?"

தாய் செத்தபின் தரணியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். எங்கள் கல்யாணத்தில் அவனுக்கு எட்டு வயது. அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டு மணவறையிலேயே உட்கார்ந்திருந்தான்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாம யாருக்குங்க தெரியும்? அந்த ஈரோட்டுப் பையனுக்கு ரெண்டு கொழந்தைங்களாமா. ஆறு மாசம் கால ஊனக்கூடாதாமா. இவன் வேணும்னே செஞ்சிருந்தான்னா எனக்கு இவன் மூஞ்சியே வேண்டாம். நீங்க பாத்ததைப் பாத்தபடி சொல்லுங்க. என்ர தம்பிங்கறதுக்காக ஒண்ணும் கூட்டிச் சொல்லவேண்டாம்."

கூட்டிச் சொல்லமாட்டேன் என்றேன்.

செப்டம்பர் 27, சனி

விசாரணை சங்க ஆபீசில். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர் சௌந்தரராஜன், அந்தக் காலத்து ரேஸ்காரர். ஜெகதீசனின் அண்ணன் ஒரு பக்கம். தரணி ஒரு பக்கம், இஸ்திரி போட்ட சட்டையில்.

தரணி தன் கதையைச் சொன்னான். பெட்ரோல் ஒழுகியது, பூட்ஸ் வழுக்கியது. சொல்லி முடித்து என்னைப் பார்த்தான். பயமே இல்லாமல் பார்த்தான்.

"நீங்க இவருக்கு என்ன உறவு?" என்று தலைவர் கேட்டார்.

"அக்கா வீட்டுக்காரனுங்க."

ஜெகதீசனின் அண்ணன் சிரித்தார். "அப்பறம் என்னங்க, மாமனும் மச்சினனும் சேந்து பாட்டுப் பாடட்டும், நாம கேட்டுட்டுப் போலாம்."

அந்தச் சிரிப்புத்தான். அந்த ஆள் அப்படிச் சிரிக்காமலிருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னமோ.

"டேங்கை ஏன் ஒட்டினீங்க?"

"முதலாளி தயார் பண்ணச் சொன்னாருங்க. விசாரணைன்னு தெரியறதுக்குள்ள வேலையைத் தொட்டுட்டனுங்க."

"வண்டி கிளம்பறதுக்கு முன்னால டேங்க் நல்லா இருந்துதா?"

"நல்லா இருந்துதுங்க."

"அப்ப விரிசல்?"

"விழுந்ததுல உடைஞ்சதுங்க."

தரணி மறுபடியும் என்னைப் பார்த்தான். காது சரியாகக் கேட்காதவன் பார்ப்பது போல. நான் டேங்கை மேஜைமேல் வைத்தேன். மூவரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஒட்டின இடம் எது என்று நான் காட்டவேண்டியிருந்தது. கைவேலைன்னா இது கைவேலை என்றார் ஒருவர்.

தலைவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொந்த மச்சினன்னுகூடப் பாக்காம உண்மையைச் சொன்னீங்க. இந்தக் காலத்துல உங்கள மாதிரி ஆளைப் பாக்க முடியாது." ஜெகதீசனின் அண்ணன் மன்னிச்சுக்கங்க என்று கும்பிட்டார்.

தரணிக்கு இரண்டு வருஷம் தடை. அவனுக்கு இப்போது முப்பத்தொன்று. இரண்டு வருஷம் கழித்து எந்த டீமும் கூப்பிடாது.

செப்டம்பர் 28, ஞாயிறு

வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடையில் நாலு இட்லி தின்றேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

தரணி அக்காவைப் பார்க்க வந்தான். வாசல் தாண்ட விடவில்லை அவள். "உங்க மாமா பொய் சொல்லி நான் பாத்ததில்லை, நீ போடா" என்று கன்னத்தில் அறைந்தாள். நான் பட்டறைக்குள் செயின் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஸ்பானர் எல்லாம் கழுவி வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தேன். வண்டிக்கும் வைத்தேன். டேங்க் இன்னும் மாட்டவில்லை, ஆணியில் தொங்குகிறது. அதற்கு வைக்கவில்லை. மறந்துவிட்டது.

அக்டோபர் 4, சனி

தரணி வந்தான். அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்திருக்கிறான். ஒரு பெரிய பையில் ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கவசம் எல்லாம் கொண்டுவந்து இறக்கினான்.

"யாராச்சும் புதுசா வர்றவங்களுக்குக் குடுத்துருங்க மாமா."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஈரோடு போகிறானாம். ஜெகதீசனைத் தூக்கி உட்காரவைக்க, குளிப்பாட்ட ஆள் இல்லை. முதல் நாள் அந்த வீட்டில் விளக்குமாற்றை எடுத்தார்களாம். இவன் போய்க்கொண்டே இருக்கிறான்.

"உன்னை யாருடா போகச் சொன்னது?"

"நான் செஞ்சதுக்கு நான்தானே மாமா போகோணும்."

"வழுக்குச்சுன்னு சொன்னியே."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அப்புடித்தான் நெனச்சுட்டிருந்தேன். ஆனா நீங்க அங்க அப்புடிச் சொன்னதுக்கப்பறம் நானும் ரோசனை பண்ணிப் பாத்தேன் மாமா. பதினொரு வருசத்துல நீங்க பூட்டின ஒரு நட்டு களண்டதில்லை. நீங்க சொன்னா அது சரியாத்தான் இருக்கும். ஏழாவது சுத்துல அவனை முந்தியே ஆகோணும்னு ஒரு வெறி இருந்துச்சு, அதை இல்லைன்னு சொல்லமாட்டேன். அந்த வெறில நானே ஏத்திட்டு, அப்பறம் மனசு பெட்ரோல் வாசனைன்னு கதை கட்டிக்கிச்சோ என்னமோ. என்னையவே எனக்கு நம்ப முடியலீங்க மாமா."

பையை எடுத்து மூலையில் வைத்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

ஜூலையில் முந்தின பந்தயம் முடிந்ததும் டேங்கை விளிம்பு வரைக்கும் நிரப்பி வைத்தேன். தகர டேங்க் காலியாகக் கிடந்தால் உள்ளே துரு பிடிக்கும், அதனால் சும்மா நிற்கிற வண்டிக்கு நிரப்பி வைப்பது முப்பது வருஷப் பழக்கம். கை தானாகச் செய்யும். இது பிளாஸ்டிக், இதற்கு எங்கே துரு? பிளாஸ்டிக் டேங்க் மாதக்கணக்கில் பெட்ரோலில் ஊறினால் ஊதிப்போகும். அது எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தும் நிரப்பி வைத்தேன்.

பந்தயத்தன்று காலை அதிகாரிகள் வண்டியைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, பிளக் மாற்றுவதற்காக டேங்கைத் தூக்கினேன். திரும்ப வைத்தால் பின் காது ஓட்டை சட்டத்தோடு சேரவில்லை. அரை விரல் தள்ளி நின்றது. கிளம்ப இருபது நிமிஷம். முதலாளி பக்கத்தில் நின்று யாரிடமோ என்னைக் காட்டி, இவருதான் நம்ம தலைமை மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முடியாது, இந்த டேங்க் இன்றைக்கு ஏறாது என்று அந்த நேரத்தில் சொல்ல வாய் வரவில்லை. டயர் கழற்றும் கம்பியை விட்டு நெம்பி இழுத்து போல்ட்டை ஏற்றினேன். கடைசிச் சுற்று முறுக்கும்போது டிக் என்று ஒரு சத்தம். கேட்டது. நன்றாகக் கேட்டது.

தரணியின் முதுகில் தட்டி, வண்டி பக்காவா இருக்குது மாப்ள, போ என்று அனுப்பினேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. அதை அந்தப் பையனும் தின்கிறான். நாளைக்கே போய்ச் சொல்லிவிடப்போகிறேன். பஞ்சர் கடை என்றால் பஞ்சர் கடை.

அக்டோபர் 8, புதன்

நாளைக்கே என்று எழுதினேன், இரண்டு நாள் கழித்துத்தான் கால் நகர்ந்தது. முதலாளியைக் கூட்டிக்கொண்டு சங்கத் தலைவரிடம் போனேன். வண்டியையும் டேங்கையும் வேனில் ஏற்றிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். நிரப்பி வைத்தது, ஊதியது, நெம்பியது, டிக் சத்தம். ஒன்றும் விடவில்லை.

சௌந்தரராஜன் சார் பொறுமையாகக் கேட்டார். பிறகு முதலாளியைப் பார்த்தார். முதலாளி லேசாகத் தலையை ஆட்டினார்.

"வீட்டுல ரொம்பத் தொந்தரவுங்களா?" என்று தலைவர் என்னிடம் கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க. நடந்ததைச் சொல்றேன்."

"அன்னிக்கு மூணு பேர் முன்னால தெளிவாச் சொன்னீங்களே, விழுந்ததுல உடைஞ்சுதுன்னு."

"அன்னிக்குப் பொய் சொன்னனுங்க."

"மச்சினனுக்கு எதிரா ஒருத்தன் பொய் சொல்லுவானா நாச்சிமுத்து? பொய் சொல்றவன் மச்சினனுக்குச் சாதகமால்ல சொல்லுவான்?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இருங்க காட்டறேன் என்று டேங்கைத் தூக்கி வண்டிமேல் வைத்தேன். ஓட்டை சேராது, பாருங்கள், என்று சொல்லிக்கொண்டே போல்ட்டைக் காதில் விட்டேன். வெண்ணெயில் விரல் போவது போல உள்ளே போனது. கையாலேயே முறுக்க முடிந்தது.

மூன்று வாரமாக மூடியைத் திறந்து நிழலில் காலியாகத் தொங்கவிட்டிருந்தேனே, பிளாஸ்டிக் பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது. அப்படிச் சுருங்கவேண்டும் என்றுதான் தொங்கவிட்டேன். விரிசல் ஆரம்பித்த இடத்தைக் காட்டலாமென்றால் அதை நானே சுரண்டி எறிந்தாயிற்று. அறுத்துப் பார்த்தால் எவர்சில்வர் வலைதான் இருக்கும்.

"நல்லாத்தானே சேருது?" என்றார் தலைவர். கிண்டலாக இல்லை, இரக்கமாகச் சொன்னார். "உங்க வீட்டம்மாவுக்காக, மச்சினனுக்காக உங்க பேரையே பலி குடுக்க வந்திருக்கீங்க. பெரிய மனசு. ஆனா தீர்ப்பை மாத்த முடியாதுங்க."

திரும்பி வரும்போது வேனில் முதலாளி என் தோளில் கை போட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட ஆள்தான் எனக்கு வேணும் என்றார். தலைமை மெக்கானிக் வேலைக்கு டிசம்பரிலேயே வந்துவிடச் சொன்னார்.

அக்டோபர் 9, வியாழன்

ஈரோடு போனேன். தரணி ஜெகதீசனின் காலுக்கு எண்ணெய் நீவிக்கொண்டிருந்தான். வெளியே கூப்பிட்டு எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டது. நம்பிவிட்டான் என்று நினைத்தேன்.

"துரைராஜ் சார் போன் பண்ணிச் சொன்னாருங்க மாமா, நேத்து நீங்க போய்ச் சொன்னதை," என்றான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். எண்ணெய்க் கை. "எனக்காகப் பொய் சொல்லாதீங்க மாமா. பொய் சொல்லிப் பழகாத வாய். நான் பண்ணினதுக்கு உங்க பேரு ஏன் கெடோணும்?"

"தரணி, டிக்குன்னு சத்தம் கேட்டுச்சுடா. கேட்டுட்டுத்தான் உன்னை அனுப்புனேன்."

"சரிங்க மாமா, சரிங்க," என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டு, நாயே, நம்புடா என்று கத்தினேன். உள்ளேயிருந்து ஜெகதீசனின் அண்ணன் எட்டிப் பார்த்தார். தரணி அவரிடம், ஒண்ணுமில்லீங்க, மாமாவுக்கு மனசு தாங்கலை என்றான். அவர் எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

அக்டோபர் 10, வெள்ளி

தரணி அக்காவுக்குப் போன் செய்திருக்கிறான். நான் பட்டறையிலிருந்து வீட்டுக்குள் போனபோது வசந்தாமணி அரிசி மாவு அவித்துச் சந்தகை பிழிந்து வைத்திருந்தாள். தேங்காய்ப்பால் எடுத்து, ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தாள். தலை வாழையிலை. தீபாவளிக்குக்கூட எனக்குத் தட்டில்தான் வைப்பாள்.

"கை கழுவிட்டு வாங்க," என்றாள். உட்கார்ந்தேன்.

"என்ர தம்பிக்காக நீங்க சபையில போயி, தப்பு என்னோடதுன்னு சொன்னீங்களாமா."

"வசந்தா, தப்பு என்னோடதுதான். நெசமா."

"சரிங்க, நெசந்தான்," என்றாள். காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரல். "அவனும் திருந்திட்டானுங்க. செஞ்சதை ஒத்துக்கிட்டு அந்த வீட்டுல போயி வேலை செய்யறான். உங்களப் பாத்துத்தானே கத்துக்கிட்டான். தீபாவளிக்கு வரச் சொல்லிட்டேன்."

நான் மறுபடி வாயைத் திறந்தேன். சாப்பிடுங்க முதல்ல என்று இலையில் பாலை ஊற்றினாள். பக்கத்திலேயே உட்கார்ந்து நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் என்னைப் பார்த்து அவள் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா என்று கேட்டாள். வை என்றேன்.